பாதி கார்டில், மீதி ரொக்கத்தில்: பிரிட்டனில் பணத்தைப் பிரித்துக் கட்டுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரிட்டனில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெரிய செலவு எதுவும் ஒரே கையில் முடிவதில்லை. சோபாவோ காரோ கல்யாண மண்டபமோ, அட்வான்ஸ் ஒரு கார்டில் போகும், மீதி வங்கிக் கணக்கிலிருந்து போகும், கடைசிக் கொஞ்சம் ரொக்கமாகப் போகும். விற்றவர் கைவிட்டால் எந்தப் பணம் திரும்பும், எது போனது போனதுதான் என்ற கேள்வி அப்போதுதான் எழுகிறது. சட்டம் வாங்குபவருக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும், அது தெரியாமல் பலர் பாதிப் பணத்தோடு திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகவே இந்தத் தொகுப்பு. இங்கே சொல்வதெல்லாம் பிரிட்டனில் வழங்கப்பட்ட கார்டுகளுக்குப் பொருந்தும். மற்ற நாட்டுக் கார்டுகளைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி உண்டு.

சோபாவின் விலை 1,200 பவுண்டு. 100 பவுண்டு அட்வான்ஸை கிரெடிட் கார்டிலும் மீதி 1,100 பவுண்டை டெபிட் கார்டிலும் கட்டினேன். சோபா வருவதற்கு முன்பே கடை திவாலாகிவிட்டது. எவ்வளவு கிடைக்கும்?

1,200 பவுண்டும் கேட்கலாம். கிரெடிட் கார்டு கொடுத்த வங்கியிடமே கேட்கலாம்.

1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தில் 75ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விற்றவர் ஒப்பந்தத்தை மீறினாலோ, பொய்யான விவரம் சொல்லி விற்றாலோ, அவரிடம் உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ அதே உரிமை கார்டு வங்கியிடமும் உண்டு என்கிறது அந்தப் பிரிவு. பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேலாகவும் 30,000 பவுண்டுக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். சட்டம் பார்ப்பது பொருளின் விலையை. அதில் எவ்வளவு கார்டில் போனது என்று அது கேட்பதே இல்லை. நூறு பவுண்டு போனாலும் சரி, பத்து பவுண்டு போனாலும் சரி, ஒரே ஒரு பென்னி போனாலும் சரி, முழு விலைக்கும் வங்கி பொறுப்பு.

2022 நவம்பரில் மேட் டாட் காம் என்ற இணைய மரச்சாமான் நிறுவனம் நொடித்தபோது, பணம் கட்டிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருந்தவர்கள் நிறுவனத்திடமிருந்து பாக்கி வர வேண்டியவர்களின் வரிசையில் கடைசியில் நின்றார்கள். அந்த வரிசையில் நின்று எதுவும் பெரிதாகக் கிடைப்பதில்லை. கார்டில் கட்டியவர்களுக்கு மட்டும் தட்டுவதற்கு இன்னொரு கதவு இருந்தது.

நான் கார்டில் கட்டியது நூறு பவுண்டுதான். ஆயிரத்து இருநூறுக்கு வங்கி ஏன் பொறுப்பேற்க வேண்டும்? இது நியாயமா?

நியாயம்தான். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது நுகர்வோர் கடன் பற்றி ஆராய்ந்த குரௌதர் குழு 1971இல் வெளியிட்ட அறிக்கை. கடன் கொடுப்பவரும் பொருள் விற்பவரும் சேர்ந்து நடத்தும் வியாபாரம் இது. கடன் வசதி இருப்பதால் விற்பனை கூடுகிறது, விற்பனை கூடுவதால் கடன் கொடுப்பவருக்கும் வருமானம் கூடுகிறது. எனவே பழுதிலும் இருவருக்கும் பங்கு உண்டு என்பது அதன் அடிப்படை. எந்தக் கடைக்குக் கார்டு வசதி கொடுப்பது, எதற்கு மறுப்பது என்ற தேர்வும் கடன் கொடுப்பவர் பக்கம்தான் இருக்கிறது. வாங்குபவர் கடையின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்க முடியாது.

வங்கிக்கும் வழி இல்லாமல் இல்லை. உங்களுக்குக் கொடுத்த பணத்தை விற்றவரிடமிருந்து வசூலித்துக்கொள்ள அதே பிரிவு வங்கிக்கு உரிமை தருகிறது. விற்றவர் திவாலானால் அந்த நஷ்டத்தை வங்கி சுமக்கும், நீங்கள் அல்ல.

சட்டம் வந்தபோது இந்த எல்லைகள் 30 பவுண்டு, 10,000 பவுண்டு என்று இருந்தன. 1980களில் 100, 30,000 என்று உயர்த்தினார்கள். அதோடு நின்றுவிட்டது. விலைவாசி ஏற ஏற, கீழ் எல்லை வாங்குபவருக்குச் சாதகமாகிக்கொண்டே வந்திருக்கிறது. மேல் எல்லைதான் இறுகிவிட்டது. அன்று 30,000 பவுண்டுக்கு வீடே வாங்கலாம். இன்று ஒரு நல்ல காரின் விலை.

வங்கிக்குப் போன் செய்தேன். "கார்டில் கட்டிய நூறு பவுண்டை மட்டும்தான் திருப்பித் தர முடியும்" என்றார்கள். யார் சொல்வது சரி?

அவர்கள் பேசியது சார்ஜ்பேக் பற்றி. நீங்கள் கேட்க வேண்டியது 75ஆம் பிரிவு. இரண்டும் வெவ்வேறு. போனை எடுக்கும் ஊழியர் பெரும்பாலும் முதலில் சார்ஜ்பேக்கைத்தான் திறப்பார், ஏனென்றால் அது அவர்களுக்கு எளிது.

சார்ஜ்பேக் என்பது விசா, மாஸ்டர்கார்டு, அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் போன்ற நிறுவனங்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதிமுறை. அது சட்டம் தந்த உரிமை இல்லை. கார்டில் போன பணத்தை விற்றவரின் வங்கியிடமிருந்து திரும்ப இழுக்கும் ஏற்பாடு அது. ஆகவே கார்டில் எவ்வளவு போனதோ அவ்வளவுதான் திரும்பும். பொதுவாக 120 நாள் கெடு. விற்றவர் ஆட்சேபித்தால் பணம் மறுபடியும் அவரிடமே போய்விடவும் கூடும். ஆனால் டெபிட் கார்டுக்கும் அது பொருந்தும், 100 பவுண்டு என்ற கீழ் எல்லையும் அதற்கு இல்லை. அந்த வகையில் அது பயனுள்ளதுதான்.

75ஆம் பிரிவு சட்டப்படியான உரிமை. அது டெபிட் கார்டுக்குக் கிடையாது, கிரெடிட் கார்டுக்கு மட்டுமே. தொகை முழு விலைக்கும் பொருந்தும், ஒப்பந்த மீறலால் வந்த கூடுதல் நஷ்டத்துக்கும் பொருந்தும். கால அளவும் ஆண்டுக்கணக்கில் இருக்கிறது. எனவே போனில் வாதாட வேண்டாம். "நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின் கீழ் முழு ஒப்பந்தத் தொகைக்கும் கோருகிறேன்" என்று எழுத்தில் கொடுங்கள். அந்த எண்ணைக் குறிப்பிட்டதும் உங்கள் கடிதம் வேறு மேசைக்குப் போகும். சார்ஜ்பேக் நிராகரிக்கப்பட்டது என்பது 75ஆம் பிரிவின் கோரிக்கையை மறுக்கக் காரணமாகாது.

முதலில் கடைக்காரரிடம் போராடிப் பார்த்துவிட்டுத்தான் வங்கிக்கு வர வேண்டும் என்கிறார்களே?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கடைக்காரரும் வங்கியும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பு. யாரிடம் கேட்பது என்பது உங்கள் விருப்பம். கடை உயிரோடு இருந்தால் அங்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைப்பது நல்லதுதான், ஏனென்றால் அந்தப் பதில் பின்னால் சான்றாக உதவும். அவ்வளவே.

ஒரே பில்லில் ஆறு நாற்காலிகள் வாங்கினேன். ஒவ்வொன்றும் 80 பவுண்டு, மொத்தம் 480. இதற்குப் பாதுகாப்பு உண்டா?

75ஆம் பிரிவில் இல்லை. ஒவ்வொரு பொருளின் விலையையும் தனியாகப் பார்க்கும். 80 பவுண்டு நாற்காலி ஆறு இருந்தாலும் ஒவ்வொன்றும் 100க்குக் கீழேதான். சரியாக 100 பவுண்டு விலையுள்ள பொருளும் வெளியேதான் நிற்கும், 100க்கு மேல் ஒரு பென்னியாவது இருக்க வேண்டும். ஆனால் ஆறு நாற்காலிகளும் சேர்ந்து ஒரு செட்டாக 480 பவுண்டு என்று ஒரே விலை போட்டு விற்றிருந்தால் அது ஒரு பொருள், உள்ளே வந்துவிடும். பில்லில் எப்படி எழுதியிருக்கிறது என்பதே இங்கே முடிவு செய்கிறது.

காரின் விலை 12,000 பவுண்டு. அட்வான்ஸ் 200 மட்டும் கிரெடிட் கார்டில் கட்டினால் போதுமா?

போதும். பழைய காரைக் கொடுத்து விலையில் ஒரு பகுதியைக் கழித்திருந்தாலும், மீதியை வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தாலும், 200 பவுண்டு அந்தக் காருக்கான அட்வான்ஸாகப் போயிருந்தால் போதும். கியர்பாக்ஸில் பழுது இருந்து விற்பனையாளர் கைவிரித்தால் கார்டு வங்கியிடம் போகலாம். பழைய கார் வாங்குபவர்கள் ஒவ்வொருவரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன். இருக்கும் பாதுகாப்புகளிலேயே செலவில்லாதது இதுதான்.

விலை 30,000 பவுண்டைத் தாண்டினால் கார்டு அட்வான்ஸால் 75ஆம் பிரிவு கிடைக்காது. அந்த அட்வான்ஸ் தொகைக்கு சார்ஜ்பேக் மட்டும் முயலலாம். 75ஏ என்று இன்னொரு பிரிவு உண்டு. அது அந்தக் காருக்கென்றே எடுத்த கடனுக்கானது, சாதாரண கிரெடிட் கார்டுக்கு உதவாது. தவணை முறையில் நிதி நிறுவனத்தின் மூலம் வாங்கினால் நிலைமையே வேறு. அங்கே சட்டத்தின் பார்வையில் காரை உங்களுக்குத் தருபவரே அந்த நிதி நிறுவனம்தான், எனவே பழுதுக்கும் நேரடியாக அவர்களே பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு கிரெடிட் கார்டுகளில் பிரித்துக் கட்டினால் யாரிடம் கேட்பது?

இருவரில் யாரிடமும் முழுத் தொகையைக் கேட்கலாம். இரண்டு முறை வாங்கிக்கொள்ள மட்டும் முடியாது. எந்த வங்கி நன்றாகப் பதில் சொல்கிறதோ அங்கே போங்கள்.

பரிசு அட்டையில் 150 பவுண்டு இருந்தது. 200 பவுண்டு பொருளுக்கு மீதி 50ஐ கிரெடிட் கார்டில் கட்டினேன். இது சேருமா?

சேரும். அந்த 50 பவுண்டு நேரடியாக அதே விற்பனைக்குப் போயிருக்கிறது, பொருளின் விலை 200. மாறாக, கிரெடிட் கார்டால் பரிசு அட்டை வாங்கி, அந்த அட்டையை மட்டுமே கொண்டு பொருள் வாங்கினால் கார்டுக்கும் பொருளுக்கும் தொடர்பு அறுந்துவிடும். கிரெடிட் கார்டால் ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்துக் கடையில் கொடுப்பதும் அப்படியே. பணம் உங்கள் கார்டிலிருந்து விற்றவர் கைக்கு நேராகப் போக வேண்டும்.

இடையில் வேறொரு நிறுவனம் இருந்தால்? நான் எல்லாவற்றையும் போனைத் தட்டித்தான் கட்டுகிறேன்.

ஆப்பிள் பே, கூகுள் பே இரண்டாலும் சிக்கல் இல்லை. அவை உங்கள் கார்டைக் கடைக்குக் காட்டும் கருவிகள் மட்டுமே.

பேபால் போன்ற சேவைகளில் எச்சரிக்கை தேவை. முதலில் அந்தக் கணக்கில் பணத்தை ஏற்றி, பிறகு அதிலிருந்து விற்றவருக்குக் கொடுத்தால் கார்டுக்கும் விற்றவருக்கும் இடையே வேறொருவர் புகுந்துவிடுகிறார். வங்கி மறுக்க அது போதுமான இடம் தரும். பேபாலுக்கு என்று தனியாக வாங்குபவர் பாதுகாப்பு இருக்கிறது, அது அவர்களுடைய சொந்த விதி. மூன்று தவணை, நான்கு தவணை என்று பிரித்துத் தரும் சேவைகளில், அந்தத் தவணையை நீங்கள் கிரெடிட் கார்டில் கட்டினாலும், பணம் போவது தவணை நிறுவனத்துக்கு, விற்றவருக்கு அல்ல. அங்கும் அதே சிக்கல். பல விற்பனையாளர்கள் கூடியிருக்கும் இணையச் சந்தைகளில், பணம் பெறுபவர் சந்தை நிறுவனம், பொருள் விற்பவர் வேறொருவர் என்றிருந்தால் அதே கேள்வி எழும். பெரிய தொகை என்றால் விற்பவரின் சொந்தத் தளத்துக்கே போய் கார்டு எண்ணைப் போட்டுவிடுங்கள். ஐந்து நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

ஈஸ்ட்ஹாமில் ஒரு டிராவல் ஏஜென்டிடம் சென்னைக்கு நான்கு டிக்கெட் எடுத்தேன். அட்வான்ஸ் கார்டில், மீதி வங்கிக் கணக்குக்கு. டிக்கெட் வரவில்லை. என்ன செய்வது?

இந்தத் தொகுப்பிலேயே சிக்கலான கேள்வி இதுதான், ஏனென்றால் இங்கே மூன்று பேர் இருக்கிறார்கள்: நீங்கள், ஏஜென்ட், விமான நிறுவனம். உங்கள் ஒப்பந்தம் யாரோடு, பணம் யாருக்குப் போனது என்று பார்க்க வேண்டும். டிக்கெட் வாங்கித் தருவதாக ஏஜென்ட் ஏற்றுக்கொண்டு வாங்கவே இல்லை என்றால், தவறியவர் ஏஜென்ட், பணம் பெற்றவரும் அவரே. கோரிக்கை வலுவானது. டிக்கெட் வாங்கிக் கொடுத்த பின் விமான நிறுவனம் நொடித்தால், பணம் பெற்றவர் ஒருவர், தவறியவர் வேறொருவர். வங்கி அதைப் பிடித்துக்கொள்ளும்.

அதனால் ஏஜென்டிடம் போகும்போது ஆடோல் சான்றிதழ் கேளுங்கள். பயண நிறுவனம் நொடித்தால் பணத்தையோ பயணத்தையோ காப்பாற்றும் பிரிட்டிஷ் ஏற்பாடு அது. 2019 செப்டம்பரில் தாமஸ் குக் நிறுவனம் மூடியபோது, முழுச் சுற்றுலாத் தொகுப்பு வாங்கியவர்களை ஆடோல் காத்தது. விமான இருக்கை மட்டும் வாங்கியவர்களில் பலருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, அவர்கள் கார்டு வங்கியைத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஏஜென்ட் "மீதியை என் சொந்தக் கணக்குக்குப் போடுங்கள், இருபது பவுண்டு குறைக்கிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தின் பெயரில் கார்டு அட்வான்ஸ், மனிதரின் பெயரில் மீதி என்று பிரிந்தால், இரண்டும் ஒரே ஒப்பந்தம் என்று காட்டுவது உங்கள் தலையில் விழும். தெரிந்தவர், ஊர்க்காரர் என்பதால் ரசீது கேட்கத் தயங்குவதும் நம்மிடையே உண்டு. தெரிந்தவரிடம்தான் இன்னும் தெளிவாகக் கேட்க வேண்டும்.

தி. நகரில் கல்யாண நகைக்கு லண்டன் கார்டில் முன்பணம் கட்டினேன். வெளிநாட்டுக் கடைக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

பொருந்தும். வங்கிகள் இதை ஏற்க மறுத்து வழக்காடின. 2007இல் பிரபுக்கள் சபை, அன்றைய உச்ச நீதிமன்றம் அதுதான், வெளிநாட்டில் வாங்கியதற்கும் 75ஆம் பிரிவு உண்டு என்று தீர்ப்பளித்தது. கார்டு பிரிட்டனில் வழங்கப்பட்டதாக இருந்தால் கடை சென்னையில் இருந்தாலும், யாழ்ப்பாணத்தில் இருந்தாலும், டுபாயில் இருந்தாலும் ஒன்றுதான்.

நடைமுறையில் இதற்குக் கைகொடுப்பது பில். முன்பணம் கட்டும்போது, நகையின் விவரம், எடை, தங்கத்தின் தரம், மொத்த விலை, செலுத்திய முன்பணம், மீதித் தொகை, ஒப்படைக்கும் தேதி எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும். துண்டுச்சீட்டில் "அட்வான்ஸ் ரூ. 20,000" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது எந்த நகைக்கு, என்ன விலைக்கு என்று லண்டனில் உட்கார்ந்திருக்கும் வங்கி ஊழியருக்கு எப்படித் தெரியும்? மீதியை ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கும் ரசீது வேண்டும். பில் இல்லாத ரொக்கத்தைக் கொடுக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியும். தங்கத்தின் தரம் குறைவு என்பது புகாரானால், இங்கே ஒரு பரிசோதனை நிலையத்தில் எழுத்துப்பூர்வமான அறிக்கை வாங்கி இணைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தையும் கணக்கில் வையுங்கள். பல பிரிட்டிஷ் கார்டுகள் வெளிநாட்டுச் செலவுக்குச் சுமார் 3 விழுக்காடு கட்டணம் போடும். முழுத் தொகையையும் கார்டில் கட்ட வேண்டிய கட்டாயமே இல்லாததால், சிறிய முன்பணத்துக்கு மட்டும் அந்தக் கட்டணத்தைக் கொடுத்து, முழு விலைக்கும் பாதுகாப்பு பெறலாம். பிரித்துக் கட்டுவது இங்கே உங்களுக்கு லாபம்.

கல்யாண மண்டபத்துக்கு அப்பாவின் கார்டில் அட்வான்ஸ் கட்டினோம். ஒப்பந்தம் மாப்பிள்ளையின் பெயரில் இருக்கிறது. சமையல்காரருக்கும் அலங்காரக்காரருக்கும் தனியாக ரொக்கம் கொடுத்தோம். மண்டபத்துக்காரர் கடைசி வாரத்தில் ரத்து செய்துவிட்டார்.

இதில் இரண்டு முடிச்சுகள் இருக்கின்றன.

முதலாவது பெயர். கார்டின் கணக்கு யாருடையதோ அவரே ஒப்பந்தத்திலும் இருக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் கட்டமைப்பு. அப்பா கடன் வாங்கியவர், மாப்பிள்ளை ஒப்பந்தக்காரர் என்றால் வங்கி அதையே காரணமாகச் சொல்லி மறுக்கும். ஒப்பந்தத்தில் அப்பாவின் பெயரையும் சேர்த்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. நம் கல்யாணங்களில் பணம் ஒருவர் கட்டுவதும் கையெழுத்து வேறொருவர் போடுவதும் சகஜம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: கார்டு யாருடையதோ அவர் பெயர் அந்தத் தாளில் இருந்தே ஆக வேண்டும். இதுவரை கையெழுத்துப் போடாதவர்கள் இப்போதே மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒப்பந்தங்கள் தனித்தனி. மண்டபத்துக்குக் கட்டிய கார்டு அட்வான்ஸ் மண்டப ஒப்பந்தத்தைத்தான் காக்கும். சமையல்காரர் வராமல் போனால் அவரிடம் கார்டில் எதுவும் கட்டாத நிலையில் வங்கியைக் கேட்க முடியாது. மண்டபமும் உணவும் அலங்காரமும் சேர்த்து ஒரே நிறுவனம் ஒரே விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தால் முழுவதும் உள்ளே வரும். தனித்தனியாகப் பிடித்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு தொகையைக் கார்டில் கட்டுங்கள்.

ஆனால் ஒன்று. மண்டபம் ரத்தானதால் சமையல்காரருக்குக் கொடுத்த முன்பணமும் வீணானது என்றால், அந்த இழப்பு மண்டபத்துக்காரரின் ஒப்பந்த மீறலால் நேர்ந்தது. அதையும் இழப்பீடாக மண்டபக் கோரிக்கையோடு சேர்த்துக் கேட்கலாம். பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு விடுமுறை வீடு எடுத்தோம். ஒவ்வொருவரும் தங்கள் கார்டில் பங்கைக் கட்டினோம். பதிவு ஒருவர் பெயரில்.

பதிவு செய்தவர் தன் கார்டில் ஏதாவது கட்டியிருந்தால் அவர் முழு வாடகைக்கும் கோரட்டும். அதுதான் நேரான வழி. மற்ற மூவரின் பெயரும் பதிவில் இல்லாவிட்டால் அவர்களுடைய 75ஆம் பிரிவு வாதம் பலவீனமானது, அவரவர் பங்குக்கு சார்ஜ்பேக் முயலலாம். அடுத்த முறை ஒருவரே கட்டிவிட்டு மற்றவர்களிடம் பங்கை வாங்கிக்கொள்வது நல்லது.

என் கணவரின் கணக்கில் எனக்குக் கூடுதல் கார்டு இருக்கிறது. அதில் கட்டினால்?

சட்டப்படி கடன் வாங்கியவர் உங்கள் கணவர். வாங்கியது குடும்பத்துக்கான பொருள், ஒப்பந்தத்தில் அவரும் இருக்கிறார் என்றால் கோரலாம். உங்களுக்கு மட்டும் என்று வாங்கியதற்கு வங்கி மறுக்க இடமுண்டு. பெரிய பொருளுக்கு முதன்மைக் கார்டையே பயன்படுத்துங்கள். லிமிடெட் கம்பெனியின் பெயரிலுள்ள கார்டுக்கும், மாதாமாதம் முழுவதையும் கட்டியே தீர வேண்டிய சார்ஜ் கார்டுக்கும் இந்தப் பிரிவு கிடையாது.

கார்டு பில்லை முழுவதும் கட்டி முடித்துவிட்டேன். இன்னும் உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. வாங்கிய நேரத்தில் கார்டில் கட்டியதுதான் கணக்கு. கடன் வரம்பைத் தாண்டி வாங்கியிருந்தாலும்கூட உரிமை போகாது என்று அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு சொல்கிறது.

கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்கிறார் கடைக்காரர்.

2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுகளுக்கு அப்படிக் கட்டணம் போடுவது பிரிட்டனில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. கிரெடிட் கார்டை வாங்கவே மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அப்போது "அட்வான்ஸ் மட்டும் கார்டில்" என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம் அவருக்குச் சிறிது என்பதால் பலர் ஒத்துக்கொள்வார்கள். சில நூறு பவுண்டு அட்வான்ஸைக்கூட கார்டில் வாங்க மறுத்து, எல்லாம் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவரிடம் பெரிய தொகையைக் கொடுக்க நான் யோசிப்பேன்.

கேட்டதெல்லாம் கிடைத்துவிடுமா?

விற்றவரிடமிருந்து சட்டப்படி எவ்வளவு கிடைக்குமோ அவ்வளவுதான் வங்கியிடமும். சமையலறை அமைத்தவர் வேலையைப் பாதியில் விட்டுப் போனால், மீதியைச் சரிசெய்ய ஆகும் செலவு கிடைக்கும். ஒழுங்காகச் செய்த பகுதிக்கான பணம் திரும்பாது. மனம் மாறியது, நீங்களே கீழே போட்டு உடைத்தது, திருட்டுப் போனது ஆகியவை விற்றவரின் தவறல்ல, எனவே இங்கே வராது. பழுதான பொருள் என்றால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் முதல் 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்கும் உரிமையைத் தருகிறது. அந்த 30 நாளுக்குள்ளேயே விற்றவருக்கு எழுதிவிடுவது உங்கள் கோரிக்கையை மிகவும் வலுப்படுத்தும்.

வழக்கு முடியும்வரை கார்டு பில்லைக் கட்டாமல் நிறுத்திவைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 1998 டிசம்பரில் ஒருவர் ஒரு மடிக்கணினி வாங்கினார். அதுவும் பிரித்துக் கட்டிய விற்பனைதான்: 50 பவுண்டு முன்பணம், மீதி 1,449 பவுண்டு கடை மூலம் ஏற்பாடான கடன். உள்ளே மோடம் இருக்க வேண்டும் என்று கேட்டே வாங்கியிருந்தார், வீட்டில் பார்த்தால் இல்லை. மறுநாளே திருப்பிக் கொடுத்தார், கடை ஏற்கவில்லை. அவர் கடன் தவணையைக் கட்ட மறுத்தார். கடன் கொடுத்த நிறுவனம் அவரைத் தவணை தவறியவர் என்று பதிவு செய்தது. கடன் வரலாறு கெட்டுப்போனது. வழக்கு 2014 வரை போய், விற்பனை ஒப்பந்தம் முறிந்தபோது கடன் ஒப்பந்தத்தையும் முறிக்க அவருக்கு உரிமை இருந்தது என்றும், அவர் சொன்னதை விசாரிக்காமலே அவரைத் தவறியவர் என்று பதிவு செய்தது பிழை என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. கிடைத்த இழப்பீடு 8,000 பவுண்டு. கீழ் நீதிமன்றம் முதலில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தது, அதில் பெரும்பகுதி மேல்முறையீட்டில் போய்விட்டது.

அவர் பக்கம் நியாயம் இருந்தும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் போராட வேண்டியிருந்தது. எனவே பில்லைத் தொடர்ந்து கட்டுங்கள், அதோடு கூடவே கோரிக்கையையும் நடத்துங்கள்.

என்னிடம் இந்திய வங்கியின் கார்டு இருக்கிறது. அமெரிக்காவிலுள்ள தம்பியிடம் அந்நாட்டுக் கார்டு இருக்கிறது. எங்களுக்கு?

இந்தியாவில் 75ஆம் பிரிவு போன்ற சட்டம் இல்லை. கார்டில் போன தொகைக்கு சார்ஜ்பேக் கேட்கலாம், மற்றதற்கு விற்றவர்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் பொருளின் தரம் பற்றிய புகாரில் அது 50 டாலருக்கு மேற்பட்ட, வீட்டிலிருந்து 100 மைலுக்குள் அல்லது அதே மாநிலத்தில் வாங்கியவற்றுக்குத்தான் பொதுவாகப் பொருந்தும். அதுவும் அந்தப் பொருளுக்காக கார்டில் இன்னும் கட்டாமல் இருக்கும் பாக்கி அளவுக்கே. அங்கே கார்டுகளோடு சலுகையாக வரும் திருட்டு, சேதக் காப்பீட்டிலும் கார்டில் போன பங்குக்கு மட்டும் ஈடு தருவது வழக்கம். ஆகவே பிரிட்டனுக்குச் சொன்ன "ஒரு பென்னி போதும்" என்ற யோசனை அந்த இரண்டு நாடுகளிலும் எடுபடாது. அங்கே கார்டில் கூடுதலாகக் கட்டினால்தான் கூடுதலாகத் திரும்பும்.

கோரிக்கையை எப்படி எழுதுவது? எவ்வளவு காலத்துக்குள்?

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் ஒப்பந்தம் மீறப்பட்ட நாளிலிருந்து ஆறு ஆண்டு, ஸ்காட்லாந்தில் ஐந்து. ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். கடை மூடினால் இணையதளமும் மறையும், அதிலிருந்த விவரமும் மறையும். வாங்கும் அன்றே விளம்பரப் பக்கத்தைப் படமெடுத்து வையுங்கள்.

கடிதத்தில் என்ன வாங்கினீர்கள், மொத்த விலை என்ன, அதில் கார்டில் எவ்வளவு எந்த நாளில் போனது, மீதி எந்த வழியில் எந்த நாளில் போனது என்று எழுதுங்கள். பிறகு விற்றவர் எந்த வாக்குறுதியை மீறினார் என்பதை ஒரே பத்தியில் சொல்லுங்கள். கோரும் தொகையை முழுமையாகக் குறிப்பிடுங்கள், கார்டில் போன பங்கை மட்டும் எழுதிவிடாதீர்கள். பில், வங்கி அறிக்கை, மின்னஞ்சல்கள், பழுது என்றால் வேறொரு தொழிலாளியின் அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள். பிரித்துக் கட்டியவர்களுக்கு மிக முக்கியமான தாள், எல்லாத் தொகைகளையும் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் காட்டும் பில்தான். அது இல்லையென்றால், "முன்பணம் இவ்வளவு வந்தது, பாக்கி இவ்வளவு" என்று விற்றவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகூட உதவும்.

வங்கி மறுத்தால் அதை முறையான புகாராகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குள் அவர்கள் இறுதிப் பதில் தர வேண்டும். தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் சர்வீஸ் என்ற குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, ஆங்கிலம் சிரமம் என்றால் மொழிபெயர்ப்பு உதவியும் கேட்கலாம். இறுதிப் பதில் வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அங்கே போய்விட வேண்டும். அங்கே ஓம்புட்ஸ்மன் தரும் இறுதி முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அது வங்கியைக் கட்டுப்படுத்தும். ஏற்காவிட்டால் நீதிமன்றம் போகும் வழி உங்களுக்குத் திறந்தே இருக்கும்.